ஏழை சொல் அம்பலம் ஏறிய கதை

அந்தக் கரடிக்கு சாக்கர்சன் என்று பெயர். நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில், அதைக் கம்பத்தில் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடுவார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் சுற்றிலும் உட்கார்ந்து கூச்சல் போடுவார்கள். கரடி கிழியும், நாய் கிழியும், கூட்டம் திருப்தியாக வீடு திரும்பும். கூப்பிடு தூரத்தில் நாடகக் கொட்டகைகள் இருந்தன. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் இந்தக் கரடியின் பெயரே வருகிறது. முதலாம் எலிசபெத் ராணிக்கும் இந்த விளையாட்டு பிடிக்கும். 1835-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதை ஒழித்தது. வாயில்லா ஜீவன் பாவம் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

172 ஆண்டுகள் கழித்து, 2007-இல், மான்செஸ்டரில் ஆலன் பெர்க் என்ற மாவட்ட நீதிபதிக்கு அந்தக் கரடி ஞாபகம் வந்தது. அவர் முன்னால் நின்ற மனிதர், தொலைக்காட்சி மேடையில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் மனைவியின் காதலரைத் தலையால் முட்டியவர். முட்டியது குற்றம், தண்டனையைச் சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருக்கலாம். நீதிபதிக்கு மனம் கேட்கவில்லை. கேளிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டு மனிதர்களை வைத்து நடத்தும் கரடிச் சண்டை இது என்றார். இந்த ஆளோடு சேர்ந்து தயாரிப்பாளர்களும் கூண்டில் நின்றிருக்க வேண்டும் என்றார்.

நிற்கவில்லை. அவர்களுக்கு மறுநாள் காலை 9.25-க்கு நிகழ்ச்சி இருந்தது.

'தி ஜெரமி கைல் ஷோ' பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 2005 ஜூலை 4 அன்று தொடங்கி 2019 மே வரை திங்கள் முதல் வெள்ளி வரை ஓடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள். நாளொன்றுக்குப் பத்து லட்சம் பேர் அளவில் பார்த்தார்கள். காலை ஒன்பதரை மணிக்கு வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க யாருக்கு வாய்க்கும்? வேலை இல்லாதவருக்கு, நோயில் கிடப்பவருக்கு, கைக்குழந்தைக்காரிக்கு, பிள்ளைகள் மறந்துபோன கிழவருக்கு. மேடையில் ஏற்றப்பட்டவர்களும் அநேகமாக அவர்களேதான். இப்படி ஏழைகளுக்கு ஏழைகளையே காட்டிச் சம்பாதிப்பதற்கு ஒரு தனிச் சாமர்த்தியம் வேண்டும். மூலப்பொருளும் அவர்களிடமே, வாடிக்கையும் அவர்களிடமே. லாபம் மட்டும் வேறு இடத்துக்குப் போகும்.

மேடைக்கு வருகிறவர்களுக்கு 'விருந்தினர்' என்று பெயர். விருந்து யாருக்கு என்பதை அரங்கத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இரண்டு மூன்று நாற்காலிகள், மூன்று பக்கமும் பார்வையாளர் கூட்டம், ஓரத்தில் வாட்டசாட்டமான காவலாட்கள். நடுவில் சூட்டு போட்ட கைல். ஒருத்தி வந்து உட்காருவாள். திரையில் அவள் நெஞ்சுக்குக் கீழே ஒரு வரி ஓடும். உன் பிள்ளைக்கு நான்தான் தகப்பனா, என் தங்கையோடு படுத்தாயா இல்லையா, என் நகையைத் திருடியது யார் என்ற ரகத்தில் ஏதாவது ஒன்று. கரடிக்காவது பெயர் நின்றது, இவர்களுக்குத் தலைப்புதான். பிறகு அவள் யாரைக் குற்றம் சொல்கிறாளோ அவன் இன்னொரு பக்கத்திலிருந்து வருவான். கூட்டம் ஊளையிடும். கைல் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, வேலைக்குப் போகக் கூடாதா, ஆணுறை போடத் தெரியாதா, நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கத்துவார். கூட்டம் கைதட்டும். அவன் எழுந்து உள்ளே ஓடினால் கைலும் பின்னாலேயே ஓடுவார், கேமராவும் ஓடும். ஓடி ஒளிகிற இடத்திலும் விளக்கு போட்டு வைத்திருந்தார்கள்.

இதைப் படிக்கையில் உங்களுக்கு நம்மூர்ச் சேனல் எதுவும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. நான் பேசுவது பிரிட்டனைப் பற்றி. நாகரிகத்தை நமக்கெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பிய தேசம்.

கைல் உளவியல் படித்தவரல்ல, சட்டம் படித்தவரல்ல. வானொலிக்கு விளம்பரம் விற்கும் வேலை பார்த்து, அங்கேயே ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, இரவு நேரத்தில் நேயர்களின் காதல் கஷ்டங்களைக் கேட்டுப் பெயர் வாங்கியவர். நம் சினிமா நாட்டாமைக்கு ஆலமரமும் சொம்பும் தேவைப்பட்டன. இவருக்கு ஒரு ஒலிவாங்கி போதுமாயிருந்தது. ஆனால் அவரை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் தயாரித்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். இந்தக் கரடிக் குழியை வெட்டியது அவரல்ல. வெட்டிய குழிக்குள் நன்றாகக் குரைக்கத் தெரிந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

குழியின் பூர்வீகம் அமெரிக்கா. 1967-இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஃபில் டோனஹ்யூ பகல் நேர உரையாடல் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். முதல் நாளே கடவுள் இல்லை என்று பிரசாரம் செய்த மாடலின் மரே ஓ'ஹேர் என்ற பெண்ணைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். மைக்கை எடுத்துக்கொண்டு பார்வையாளர்களுக்கு நடுவே ஓடி, இல்லத்தரசிகளைக் கேள்வி கேட்கச் சொன்னார். பகலில் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் மூளை உண்டு என்று தொலைக்காட்சி ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது. அந்த மைக் அப்படியே இருந்தது. அதில் பேசிய விஷயம்தான் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போனது.

1991-இல் ஜெர்ரி ஸ்பிரிங்கர் வந்தார். லண்டனில், குண்டுமழைக் காலத்தில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். அமெரிக்காவில் வளர்ந்து, சட்டம் படித்து, சின்சினாட்டி நகரின் மேயராகவும் இருந்தவர். அவருடைய நிகழ்ச்சியும் ஆரம்பத்தில் அரசியல்தான் பேசியது. அரசியலை யாரும் பார்க்கவில்லை. நாற்காலி பறந்ததும் பார்த்தார்கள். ஒரு விஷயத்தில் ஸ்பிரிங்கரை மெச்ச வேண்டும். தன் நிகழ்ச்சி முட்டாள்தனமானது என்று தானே சொல்லிச் சிரிப்பார். சர்க்கஸ் நடத்துகிறவன் சர்க்கஸ் என்று பலகை மாட்டியிருந்தான். பிரிட்டன்காரர்கள் அதே கூடாரத்தை வாங்கிவந்து, வாசலில் 'இலவச மருத்துவமனை' என்று எழுதினார்கள்.

அதற்கு முன்னால் அமெரிக்காவில் நடந்த இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். 1995 மார்ச்சில் 'ஜென்னி ஜோன்ஸ்' நிகழ்ச்சியில் ஓர் ஆணை மேடையில் உட்காரவைத்து, உன்மேல் ரகசியமாக ஆசைப்பட்டவர் யார் தெரியுமா என்று இன்னொரு ஆணைக் காட்டினார்கள். கூட்டம் சிரித்தது. மூன்று நாள் கழித்து முதலாமவர் இரண்டாமவரைச் சுட்டுக் கொன்றார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 1999-இல் நடுவர் குழு சொன்னது. 2002-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆக, 2005-இல் ஐடிவி தன் புதுக் கடையைத் திறந்தபோது, இந்தச் சரக்கு ஆளைக் கொல்லும் என்பதும் தெரிந்திருக்கும். கொன்றாலும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

பிரிட்டனிலும் முன்னோடிகள் உண்டு. பிபிசியில் 'கில்ராய்', ஐடிவியில் 'வனெஸ்ஸா', பிறகு 'ட்ரிஷா'. இதில் வனெஸ்ஸா பிபிசிக்கு மாறியபின் நடந்த கூத்து ரசமானது. 1999 தொடக்கத்தில் 'டெய்லி மிரர்' ஒரு குட்டை உடைத்தது. வனெஸ்ஸாவின் மேடையில் அழுதவர்களில் சிலர் ஏஜென்சி மூலம் வந்த நடிகர்கள். நாடே கொதித்தது. தலையங்கங்கள் எழுதினார்கள். நம்பிக்கைத் துரோகம் என்றார்கள். அந்த வருஷமே நிகழ்ச்சிக்கு மூடுவிழா. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் உற்றுப்பாருங்கள். பொய்யாக அழுதவர்களுக்குக் கூலி கொடுத்தது அவர்களுக்கு மாபாதகமாகப் பட்டது. நிஜமாக அழுகிறவர்களைக் கூலியில்லாமல் அழவைத்தது அடுத்த இருபது ஆண்டுகள் யாருக்கும் உறுத்தவில்லை.

ட்ரிஷா வேறு சேனலுக்குப் போனதும் காலை 9.25 காலியானது. 2005 கோடையில் ஐடிவி ஸ்பிரிங்கரையே சில வாரம் வரவழைத்துப் பார்த்தது. அவருக்கு அடுத்து கைல். பயிற்சி கொடுத்த கையோடு பதவி ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அவமானம் என்று தெரிந்தும் ஏன் வந்தார்கள்? பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டது: 'அந்த ஜனங்களுக்கு விளம்பரப் பைத்தியம்.' இருக்கலாம். ஒரு நாள் ஓட்டல் அறையும், வாசலுக்கு வரும் டாக்சியும் சிலருக்கு ஆசை காட்டியிருக்கலாம். ஆனால் அந்த மேடையில் என்னென்ன கிடைத்தது என்று பாருங்கள். மரபணு சோதனை இலவசம். குடியை, போதையை விட சிகிச்சை இலவசம். ஆலோசகரோடு பேச நேரம் இலவசம். இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்க ஒரு ஆள், அவரும் இலவசம். வசதி உள்ளவன் இதே காரியங்களுக்கு வக்கீலிடம் போவான், மருத்துவமனைக்குப் போவான், ஐம்பது நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கட்டி மனநல ஆலோசகரிடம் போவான். அவன் தகப்பன்தானா என்ற சந்தேகம் மூடிய அறைக்குள் தீரும். இல்லாதவனுக்கு அதே சந்தேகம் பத்து லட்சம் பேர் முன்னால் தீர வேண்டும். கட்டணம் பணமாக வாங்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். ஐடிவி ஏற்றிக் காட்டியது. ஒரே ஒரு நிபந்தனை: சொல் ஏறும்போது மானத்தை இறக்கி வைத்துவிட வேண்டும்.

நிகழ்ச்சி தன் புகழின் உச்சத்தில் இருந்த நேரத்தில் அரசாங்கமும் தன் பங்குக்கு உதவியது. 2012-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2013 ஏப்ரல் முதல், குடும்ப வழக்குகள் பெரும்பாலானவற்றுக்கு அரசு தரும் சட்ட உதவியை வெட்டியது. விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது போன்ற தகராறுகளில், குடும்ப வன்முறைக்கு ஆதாரம் காட்ட முடிந்தவர்கள் போன்ற சிலர் தவிர, மற்ற ஏழைகள் எல்லாம் வக்கீல் இல்லாமல் தாங்களே நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் கதவு சாத்தியது. இந்தப் பக்கம், விளம்பர இடைவேளைக்கு நடுவே, தொலைபேசி எண் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஆளின் திட்டம் என்று நான் சொல்லவில்லை. திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

அரசியல்வாதிகளுக்கு இந்த மேடை எவ்வளவு சௌகரியம் என்பதற்கு நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் 2012-இல் கட்சி மாநாட்டில் பேசியதை நினைத்துப் பார்க்கலாம். இருட்டு விலகாத காலையில் வேலைக்குப் புறப்படுகிறவன், பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை மூடியிருப்பதைப் பார்க்கிறான். உள்ளே ஒருவன் அரசு உதவித்தொகையில் தூங்கிக்கொண்டிருக்கிறான். இவனுக்கு எங்கே நியாயம் என்று கேட்டார். உள்ளே தூங்குகிறவன் யார், அவனுக்கு முதுகு உடைந்திருக்கிறதா, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவனா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தத் திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது நாட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. தினமும் 9.25-க்குப் பார்த்திருந்தார்களே! பல் போனவன், பச்சை குத்தியவன், நாலு பெண்களுக்கு ஆறு பிள்ளை கொடுத்துவிட்டு விழிக்கிறவன். உதவித்தொகையை வெட்டுவதற்கு முன்னால் அதை வாங்குகிறவனின் முகத்தை வெறுக்கவைக்க வேண்டும். அந்த வேலையைப் பிரசாரப் பிரிவு எதுவும் இவ்வளவு மலிவாகச் செய்து கொடுத்திருக்காது.

'இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்' யார் என்பது தனி அத்தியாயம். ஆரம்ப காலத்தில் வழங்கியது 'லேர்ன் டைரக்ட்'. இது என்ன கம்பெனி என்று யோசிக்காதீர்கள். படிப்பை விட்டுவிட்ட பெரியவர்களுக்குக் கணக்கும் எழுத்தும் கற்றுக்கொடுக்க அரசாங்கப் பணத்தில் நடந்த அமைப்பு. ஆண்டுக்கு ஐந்து லட்சம் பவுண்டு கொடுத்தது. படிக்காதவர்கள் இந்த நிகழ்ச்சியைத்தான் பார்க்கிறார்கள், ஆகவே அவர்களை இங்கேதான் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்க சாராயக் கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி. இல்லை, இது சரியான உவமை அல்ல. சாராயக் கடைக்குச் சுண்ணாம்படித்துக் கொடுத்து அதன் நெற்றியில் நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி. வரி கட்டியவனின் பணத்தில் வரி கட்ட வழியில்லாதவனை ஏசும் நிகழ்ச்சி நடந்தது. கரடிச் சண்டை என்று நீதிபதி சொன்ன பிறகுதான் அந்த அமைப்புக்கு வெட்கம் வந்து விலகியது.

அதற்கப்புறம் வந்த புரவலர்களில் 'ஃபாக்ஸி பிங்கோ' என்ற இணையச் சூதாட்டக் கம்பெனி உண்டு. இதில் ஒரு சின்னச் சிக்கல். தானே ஒரு காலத்தில் சூதாட்டத்துக்கு அடிமையாகிக் கிடந்ததை கைல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மீண்டு வந்தார், நல்லது. சூதில் குடும்பத்தைத் தொலைத்துவிட்டு அவர் மேடையில் வந்து உட்கார்ந்தவனிடம் அவர் கத்துவார். கத்தி முடித்ததும் விளம்பர இடைவேளை வரும். நரி வேஷம் போட்ட ஒருவர் வந்து, வாருங்கள் ஆடலாம் என்று கூப்பிடுவார். எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்? இங்கே பிடுங்குகிறவன் கையிலேயே தீப்பெட்டியும் இருந்தது.

அடுத்து அந்தக் கருவி. நம் நாளிதழ்கள் இதை 'உண்மை கண்டறியும் சோதனை' என்று எழுதும். ஆங்கிலத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பது என்று பெயர். இரண்டும் தவறு. அந்தக் கருவி கண்டறிவது மூச்சு எப்படி ஓடுகிறது, நாடி எப்படித் துடிக்கிறது, தோலில் எவ்வளவு வியர்வை என்பதைத்தான். பயந்தவனுக்கும் வியர்க்கும். ஏற்கெனவே மனம் உடைந்து மாத்திரை சாப்பிடுகிறவனுக்கும் நாடி தப்பும். ஊர் பேர் தெரியாத ஓட்டலில் படுத்து, தூக்கம் வராமல் எழுந்து, விரலில் கம்பி மாட்டிக்கொண்டு, 'நீ அவளுக்குத் துரோகம் செய்தாயா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவனுக்கு எப்படித் துடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை. இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றங்கள் இந்தச் சோதனையைச் சாட்சியமாக ஏற்பதில்லை. கொலைகாரனுக்கு எதிராகக் காட்ட முடியாத காகிதத்தை, காதலியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு எதிராகக் கைல் உறை கிழித்துப் படிப்பார். படிப்பதற்கு முன்னால் சில நொடி நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்குத்தான் முழு நிகழ்ச்சியும். உறைக்குள் இருக்கும் வரி அவளுக்குத் தீர்ப்பு, அவனுக்குத் தூக்கு, தொலைக்காட்சிக்குத் தொடரும்.

நூறு சதவீதம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் காட்டுவார்கள். சிகரெட் அட்டையில் எழுதுவது மாதிரி. எழுதியவனுக்குக் கடமை முடிந்தது.

2019 மே மாதத் தொடக்கத்தில் 63 வயதான ஒருவர் அந்த மேடைக்குப் போனார். தான் துரோகம் செய்யவில்லை என்று தன் துணைக்கு நிரூபிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். அதனால் நிகழ்ச்சிக்காரர்கள் முதலில் தயங்கி, மருத்துவரின் கடிதம் கேட்டார்கள், கடிதம் வந்தது, சேர்த்துக்கொண்டார்கள். சோதனையில் தோற்றார் என்று படித்தார்கள். சில நாளில் தன் அறையில் இறந்து கிடந்தார்.

மே 13 அன்று ஐடிவி நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது. மே 15 அன்று ஒரேயடியாக மூடியது. இத்தனை வருஷம் விசுவாசமான பார்வையாளர்கள் இருந்த நிகழ்ச்சி, அர்ப்பணிப்போடு உழைத்த குழு, இப்போது முடித்துக்கொள்வதே சரி என்ற ரீதியில் அறிக்கை. ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கு வாசிக்கும் பிரிவுபசாரப் பத்திரம் போல இருந்தது. பதினான்கு வருஷப் பகுதிகளையும் தன் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. நடந்ததே இல்லை என்பது போல.

ஜூன் 3 அன்று அதே நிறுவனத்தின் 'லவ் ஐலண்ட்' புதிய பருவம் தொடங்கியது. முந்தைய பருவங்களில் பங்கேற்ற இருவர் அதற்குள் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அது ராத்திரி நிகழ்ச்சி; விளம்பர விலை வேறு.

அந்த ஜூன் மாதமே நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு உட்கார்ந்தது. டேமியன் காலின்ஸ் தலைவர். கைலைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. பதினான்கு வருஷம், 'எழுந்து ஓடாதே, உட்கார்ந்து பதில் சொல்' என்று ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துக் கத்தியவருக்கு ஒரே ஒரு முறை நாற்காலி போட்டு அழைப்பு வந்தது. மறுத்துவிட்டார். அவர் பின்னால் கேமரா தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை.

நிர்வாகத் தயாரிப்பாளர் வந்தார். அந்தப் பொய்க் கருவி எவ்வளவு துல்லியமானது என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அவரால் உருப்படியான பதில் சொல்ல முடியவில்லை; தனக்கு அதில் நிபுணத்துவம் இல்லை என்றார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லிக்கொள்வது 66 முதல் 96 சதவீதம் வரை என்ற கணக்கு விசாரணையில் வந்தது. 66 என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பேரை உட்காரவைத்தால் ஒருவருக்குத் தவறான தீர்ப்பு. தராசில் மூன்றுக்கு ஒன்று தப்பினால் மளிகைக் கடைக்காரனை எடைத் துறை பிடித்துக்கொண்டு போகும். ஐயா வைத்திருந்த தராசில் நிறுத்தது மனிதர்களின் கல்யாணங்களை, பிள்ளைகளை. இருபதாயிரம் பேருக்கு மேல் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறார்கள் என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

'பின்கவனிப்பு' பற்றியும் அங்கே நிறையப் பேசினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஆலோசகர் பார்ப்பார், சில நாள் கழித்து போன் வரும், தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புவோம். எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். சிலருக்கு அது உதவவும் செய்தது. அந்த மேடையேறிக் குடியை விட்டவர்கள் உண்டு, இன்றும் நன்றி சொல்கிறவர்கள் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: மருந்துக் கட்டு போட ஆள் தயாராக நிற்கிறார் என்பதற்காக வாசலில் நின்று கல்லெறிவது மருத்துவ சேவை ஆகாது. 2022-இல் சேனல் 4 எடுத்த ஆவணப்படத்தில் முன்னாள் ஊழியர்கள் சிலர் பேசினார்கள். மேடைக்கு அனுப்பும் முன் விருந்தினர்களை எப்படி உசுப்பேற்றினோம், அந்தப் பக்கத்தான் உன்னைப் பற்றி என்ன சொன்னான் தெரியுமா என்று எப்படி ஏற்றிவிட்டோம் என்று சொன்னார்கள். ஐடிவி இந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தது. கீழ்மட்டத்தில் கைபேசியும் காகிதமுமாக ஓடிய இளம் ஊழியர்களின் குரலில் இருந்த நடுக்கத்தை மேல்மட்டத்து அறிக்கையில் பார்க்க முடியவில்லை.

இறந்த அந்த 63 வயதுக்காரரைப் பற்றிய விசாரணை 2024 செப்டம்பரில்தான் வின்செஸ்டரில் முழுமையாக நடந்தது. ஐந்து வருஷம். இம்முறை கைல் சாட்சி சொன்னார். நேரடியாகப் பேசினேன், அது என் பாணி, எரிச்சலூட்டும் விதமாக நடந்துகொள்ளவில்லை என்பது அவர் தரப்பு. நிகழ்ச்சியில் பங்கேற்றது அந்த மனிதரின் வேதனையைக் கூட்டியிருக்கலாம், ஆனால் அதுவே மரணத்துக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். காரணத்தைச் சொல்ல 'இருக்கலாம்' என்பது போதாது என்று சட்டம் அவ்வளவு கவனமாக நிற்கிறது. அந்தக் கவனத்தில் ஒரு துளி, 66-க்கும் 96-க்கும் நடுவே எங்கோ கிடந்த ஒரு காகிதத்தைப் படிப்பதற்கு முன்னால் யாருக்காவது இருந்திருந்தால் என்று தோன்றுகிறது.

தண்டனை என்று யாருக்கும் எதுவும் இல்லை. கைல் சில காலம் ஒதுங்கியிருந்துவிட்டு 2021-இல் வானொலிக்கும், அடுத்த வருஷம் 'டாக் டிவி' என்ற சேனலுக்கும் போனார். அங்கே நாட்டு நடப்பு பேசினார். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் 'ஆஃப்காம்' 2021 ஏப்ரல் 5 முதல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பங்கேற்பாளரின் மனநலத்துக்கு ஆபத்து வரலாம் என்றால் உரிய கவனம் எடுக்க வேண்டுமாம். கரடிக்கு 1835. மனிதருக்கு 2021.

காலை 9.25 பிறகு சில வருஷம் 'லொரெய்ன்' நிகழ்ச்சியின் நேரமாக இருந்தது. சினிமா நட்சத்திரங்கள் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். புதுப் படம், உடம்பைக் குறைத்த கதை, கோடைக்கு ஏற்ற உடை. குரல் உயரவில்லை, காவலாட்கள் தேவைப்படவில்லை. வேலையில்லாதவனும் பிள்ளைக்கு அப்பன் பெயர் தெரியாதவளும் அந்தப் பக்கம் வரவில்லை. அவர்களைக் கூப்பிட யாருக்கும் காரணமில்லாமல் போயிற்று. 2013-இல் வெட்டிய சட்ட உதவியின் பெரும்பகுதி இன்னும் திரும்ப வரவில்லை. மரபணு சோதனைக்குப் பணம் கட்ட வேண்டும்.